சொல்லிவிட்டுப் போன வீடு

அலுவலகத்தில் அவளுக்கு 'அவசரம்' என்று பெயர். குழந்தைகள் நலத்துறையில் வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் வேலை. மூன்று பேர் வேலையை ஒருத்தி தலையில் கட்டினால் அவள் நிதானமாகவா நடப்பாள்? பெயர் வைத்தவர்கள் நாற்காலியை விட்டு எழுந்ததில்லை. அவர்களுக்கு அவசரம் இல்லை.

சில மாதங்களாக அவளுக்கு எதுவும் உறைப்பதில்லை. அடிபட்ட பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்து நின்றபடியே சாப்பிட முடிகிறது. "உன்கிட்ட பேசுறதும் சுவத்துகிட்ட பேசுறதும் ஒண்ணு," என்றான் கணவன். அதுவும் உறைக்கவில்லை.

மேலிடம் இதையெல்லாம் கவனிக்காமல் இல்லை. ஆள் போடவில்லை, மனச்சோர்வு நீக்கும் பயிற்சி போட்டது. கையிலிருக்கும் வேலையை முடித்துவிட்டுத்தான் வரவேண்டும் என்று அதிகாரியின் உத்தரவு. சோர்வை நீக்குமுன் ஆள் முழுதாகச் சோர்ந்திருக்க வேண்டும் போலும்.

பயிற்சி நாளன்று ஒரு வீடு மிச்சமிருந்தது. சித்தப்பா அடிக்கிறார் என்று பள்ளியிலிருந்து புகார் வந்த சிறுமியின் வீடு. இந்த வேலையில் யாரும் சொல்லிவிட்டுப் போவதில்லை. அவள் போன் செய்துவிட்டுப் போனாள். பூட்டிய கதவு முன் இன்னொரு முறை நிற்கத் தெம்பில்லை.

தரை துடைத்த ஈரம் காயவில்லை. சித்தப்பா நாற்காலியைத் தட்டிப் போட்டார்.

"வாங்க மேடம். நம்ம வீட்டுப் பிள்ள, கை நீட்டுவோமா?"

உருக்கும் வெயிலில் சிறுமி முழுக்கைக் கம்பளிச் சட்டை போட்டிருந்தாள்.

"சளி மேடம்," என்றார், யாரும் கேட்குமுன்பே.

"சட்டைக் கையை மடிச்சுக்கோ கண்ணு, படம் வரையலாம்," என்றாள் அவள்.

சிறுமி சட்டையைப் பார்க்கவில்லை. சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

வந்தவளே சட்டைக் கையை மடித்துவிட்டாள். பெல்ட் தடம், புதிது.

"நீங்க வர்றீங்கன்னு போன் வந்துச்சுல்ல," என்றாள் சிறுமி மெதுவாக, "எதுவும் சொல்லக் கூடாதுன்னு அடிச்சாரு."

நெடுநாளைக்குப் பிறகு அவளுக்கு உறைத்தது.

"துணிய எடுத்துக்கோ, போகலாம்."

"யாரு உத்தரவு?" என்று சித்தப்பா கதவை மறித்தார்.

"தள்ளு. இல்லன்னா போலீஸ் வந்து தள்ளும்."

தள்ளி நின்றார். வீரமெல்லாம் குழந்தையிடம்தான்.

காப்பகத்தில் சேர்க்க அதிகாரியின் கையெழுத்து வேண்டும். அவரோ போனை அணைத்துவிட்டுப் பயிற்சியில் இருந்தார். அவள் சிறுமியோடு அங்கேயே போனாள். குளிரூட்டிய கூடத்தில் எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். "நீங்க இப்போ கடற்கரையில இருக்கீங்க," என்றார் பயிற்சியாளர்.

"சார், கையெழுத்து."

"பொறும்மா. இப்பத்தான் அலை வருது."

"அலை எங்கயும் போயிடாது சார். கண்ணத் திறந்து இந்தக் கையப் பாருங்க."

பார்த்தார். கையெழுத்துப் போட்டார். அவர்கள் வாசலை அடைவதற்குள் அவர் மறுபடி கடற்கரைக்குப் போய்விட்டார்.

"மூச்ச இழுத்துப் பிடிங்க," என்றது பின்னாலிருந்து குரல். பெரியவர்கள் சொன்னால் கேட்க வேண்டுமே என்ற பயத்தில் சிறுமியும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ விடு கண்ணு," என்று அவள் கதவைத் தள்ளினாள்.