நான் கொடுக்காத கார்டு

ஒரு பெண்ணுக்கு வந்த நேர்காணல் கார்டை அவளிடம் கொடுக்காமல் என் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். மறந்துபோய் அப்படிச் செய்யவில்லை. கார்டு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. நேர்காணல் அடுத்த வாரம் வியாழக்கிழமை. இடையில் இருந்த நாள்களில் அவள் தினமும் காலை ஆறு மணிக்கு வந்து அந்த மேசைக்கு எதிரில்தான் உட்கார்ந்தாள். சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

அறுபதுகளின் பின்பாதி அது. பிள்ளையார்பாளையத்துக்குப் போகிற வழியில், ஒரு பாத்திரக்கடை மாடியில், இலவச டைப் கிளாஸ் ஒன்றுக்கு நான் பொறுப்பாக இருந்தேன். ஊரில் பெரிய பட்டுக்கடைக்காரர்கள் சிலரும் ஒரு வக்கீலும் கமிட்டியாகச் சேர்ந்து தொடங்கிய தர்மம். எஸ்.எஸ்.எல்.சி. முடித்த ஏழை நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு டைப் கற்றுக்கொடுப்பது, பரீட்சைக்கு அனுப்புவது, தேறியவர்களை எம்ப்ளாய்மெண்ட் ஆபீசில் வேலைக்குப் பதிய வைப்பது, இவ்வளவுதான் நோக்கம். பழைய மெஷின்கள் ஐந்து இருந்தன. நான் பி.ஏ. படித்தவன், ஆண்டு விழாவில் அறிக்கை வாசிக்கத் தெரிந்தவன் என்பதால் என்னைப் போட்டார்கள். டைப் எனக்குச் சுமாராகத்தான் வரும். தமிழ் மெஷினில் இன்னும் மோசம்.

அந்தப் பெண் வந்தபோது அவளுக்குப் பதினெட்டு வயது இருக்கும். அப்பா இல்லை. அம்மா பட்டு நூல் இழைப்பாள். அண்ணன் தறியில் நெய்பவன். அவர்கள் நெய்தது கோர்வைச் சேலை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். அந்தக் கரைக்கான நாடாவைத் தள்ள, நெய்பவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்தே ஆகவேண்டும். அவள் பத்து வயதிலிருந்து அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள். பள்ளிக்கூடம் போகுமுன்னும் வந்தபின்னும் கரை போட்டுத்தான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்திருந்தாள்.

மெஷினில் உட்கார்ந்த மூன்றாம் மாதமே என்னைவிட வேகமாக அடித்தாள். லோயர், ஹையர் இரண்டும், இரண்டு மொழியிலும் முதல் வகுப்பு. அதன்பிறகு அவளே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். யாருடைய சுண்டுவிரல் சோம்பல்படுகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள். சம்பளம் எதுவும் கிடையாது. அவளைக் கேட்கச் சொல்லவும் இல்லை, கமிட்டியைக் கொடுக்கச் சொல்லவும் இல்லை நான்.

அவள் அண்ணன் ஒருநாள் மாடியேறி வந்தான்.

"இன்னா சார், கரைக்கு ஆளு இல்லாம தறி தூங்கிக்கினு இருக்குது. நாங்களும் அடிக்கிறோம், நீங்களும் அடிக்கிறீங்க. நாங்க அடிச்சா சேல வருது. உங்குளுதுல காயிதந்தான் வருது."

பிள்ளைகள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவனை உட்கார வைத்து அரைமணி நேரம் பேசினேன். "உன் தறிக்கு ஆள் வேணும்னு தங்கச்சி வாழ்க்கைய நிறுத்தி வெக்காதப்பா" என்றேன். இதே சொற்கள். கடைசியில் அவன் பிடிவாதம் தளர்ந்தது.

"சரி சார். பஸ்ல போயிட்டு சாயங்காலம் ஊட்டுக்குத் திரும்பற மாதிரி எடத்துல கெடச்சா போவட்டும். மெட்ராஸ்னா கெடையாது. இந்தத் தை போயி அடுத்த தை வரைக்கும் பாப்பேன். கெடைக்கலன்னா அத்த ஊட்ல கேட்டுக்கினே இருக்காங்க, குடுத்துடுவேன்."

அத்தை வீட்டிலும் கோர்வைத் தறிதான். அத்தை மகனுக்கும் பக்கத்தில் உட்கார ஆள் இல்லை.

எம்ப்ளாய்மெண்டில் பதியும் படிவத்தை நிரப்பும்போது, விலாசம் எழுத வேண்டிய இடத்தில் அவள் பேனாவை நிறுத்தினாள்.

"ஊட்டு அட்ரஸ் குடுத்தா அண்ணன் கைக்குத்தான் போவும் சார். அது கூரை எரவாணத்துல சொருவிட்டு மறந்துடும். இங்க அட்ரஸ் குடுக்கட்டுமா?"

"தாராளமா குடும்மா. என் கைக்கு வந்தா உன் கைக்கு வந்த மாதிரி."

ஒரு வருடம் ஒன்றும் வரவில்லை. பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. தபால்காரர் ஒரு வயதான பாய். மூச்சு வாங்க மாடியேறி வந்து, "சார், நம்ம பொண்ணுக்கு சர்க்கார் காயிதம் வந்திருக்குது. ஸ்வீட் உண்டில்ல?" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார். அவள் அதற்குச் சற்று முன்புதான் கிளம்பிப் போயிருந்தாள். படித்தேன். வாலாஜாபாத்தில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சர் வேலை. காலை பஸ்ஸில் போனால் பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பிவிடலாம். அண்ணன் போட்ட நிபந்தனைக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது.

மூன்று வாரத்தில் ஹையர் பரீட்சை இருந்தது. பதினான்கு பேர் எழுத இருந்தார்கள். அவள் இல்லாமல் அவர்களைத் தயார்செய்ய என்னால் முடியாது. அந்த மாதக் கடைசியில் சென்னையிலிருந்து ஓர் அதிகாரி வந்து கிளாஸைப் பார்ப்பதாக ஏற்பாடு. திருப்திப்பட்டால் நான்கு புது மெஷின்கள் கிடைக்கும். பதினான்கு பேருக்காக ஒருத்தி கொஞ்சம் காத்திருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த கார்டு வராமலா போகும் என்றும் சொல்லிக்கொண்டேன். கூப்பிட்டும் போகாதவர்களின் பெயரை எடுத்துவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். ஒவ்வொரு பிள்ளைக்கும் அதைச் சொல்லி எச்சரித்தவனே நான்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இதைப் பல வருடம் எனக்குள்ளேயே ஒப்புக்கொள்ளாமல் இருந்தேன். நான் மூன்று முறை சர்க்கார் வேலைக்கு எழுதிக் கிடைக்காதவன். ஊரில் என்னை 'சார்' என்று கூப்பிட்ட ஒரே இடம் அந்த மாடி. தறியிலிருந்து எழுந்து வந்த ஒரு பெண் எனக்கு முன்னால் சர்க்கார் நாற்காலியில் உட்காருவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கார்டை ரிப்பன் டப்பாக்களுக்கு அடியில் வைத்தேன்.

அதிகாரி வந்தார். மெஷின்கள் கிடைத்தன. பதினான்கு பேரில் பன்னிரண்டு பேர் தேறினார்கள். ஆண்டு விழாவில் எனக்கு ஒரு பட்டுச் சால்வை போர்த்தினார்கள். கூட்டத்தில் அவளும் கைதட்டினாள்.

அதற்குச் சில நாள் கழித்து, பதிவைப் புதுப்பிக்கப் போனவள் நேராக மாடிக்கு வந்தாள்.

"சார், வாலாஜாபாத்துக்கு எனக்குக் கார்டு போட்டாங்களாம். நான் போவலையாம். பேர எடுத்துட்டாங்களாம்."

"யாரும்மா சொன்னது?"

"அங்க லெட்ஜர்ல பாத்துச் சொன்னாரு. இந்த அட்ரஸுக்குத்தான் போட்டாங்களாம்."

"தபால்ல எங்கியாவது போயிருக்கும்மா."

"பாய் தவறவுட மாட்டாரு சார்."

"அவருக்கும் வயசாயிடுச்சில்ல."

இவ்வளவு சுலபமாக என் வாயில் பொய் வந்தது. அவள் கீழே போய்ப் பாயைக் கேட்டிருக்கிறாள். அவர் மாடியேறி வந்தார், இந்த முறை சிரிப்பில்லாமல்.

"சார், நான் உங்க கையிலதானே குடுத்தேன்? ஸ்வீட் கூட கேட்டேனே."

"எனக்கு ஞாபகம் இல்ல பாய்."

அவர் படியிறங்கிப் போனார். அடுத்த நாளிலிருந்து ஒரு சின்ன நோட்டு கொண்டுவந்தார். சாதாரணக் கார்டுக்கும் அதில் தேதி போட்டு, "ஒரு கையெழுத்து போடுங்க சார்" என்று நீட்டுவார். வேறு யாரிடமும் அப்படி வாங்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அவள் என்னை நம்பினாள். என்னை நம்ப வேண்டுமென்றால் அவரை நம்பக் கூடாது. அப்படியே செய்தாள். தை பிறந்ததும் அண்ணன் சொன்னபடி அத்தை மகனுக்குக் கொடுத்துவிட்டான். கல்யாணத்துக்கு முந்தைய நாள் வரை காலை வகுப்புக்கு வந்து, மெஷின்களுக்கு உறை போட்டுவிட்டுப் போனாள்.

அப்போது நான் செய்த பரிகாரம் ஒன்று உண்டு. வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போய், அவள் பெயரைப் பழைய வரிசையிலேயே சேர்க்கும்படி கெஞ்சினேன். அங்கிருந்தவர் நியாயமானவர். "கார்டு அவங்க கைக்குப் போவலன்னு நீங்க எழுதிக் குடுங்க. எப்படிப் போவலன்னும் எழுதுங்க" என்றார். காகிதத்தை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுதவில்லை. நாளை வருவதாகச் சொல்லிவிட்டு எழுந்தேன். மறுநாள் போகவில்லை. எழுதியிருந்தால் அவள் பெயர் திரும்ப ஏறியிருக்கும். கார்டைத் தடுத்ததைவிட இதுதான் பெரிய குற்றம் என்று இப்போது தோன்றுகிறது. முதல் தடவை யோசிக்க ஒன்பது நாள் இருந்தும் தவறினேன். இரண்டாம் தடவை பேனாவையே கையில் கொடுத்தார்கள்.

ஏழு வருடம் கழித்து, எழுபதுகளின் நடுவில், இழுப்பறையிலிருந்து அந்தக் கார்டை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். சர்வதீர்த்தக் குளத்துக்குப் பக்கத்துச் சந்து. காலை பத்து மணி. புருஷன் தறியில் இருந்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து கரை போட்டுக்கொண்டிருந்தாள். குழந்தை ஒன்று அவள் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றது. என்னைப் பார்த்ததும் இருவரும் எழப் போனார்கள். வேண்டாம் என்றேன். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கார்டை நீட்டினேன்.

முதலில் பேசியது புருஷன். அவன் சிரித்தான்.

"நீங்க நல்லதுதான் சார் பண்ணியிருக்கீங்க. இவ ஆபீசுக்குப் போயிருந்தா எனக்குக் கரைக்கு ஆளு ஏது? இரு, சாருக்குக் கலர் சோடா வாங்கிக்கினு வரேன்."

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு போனான். அவன் என்னை அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். கடைசியில் நானும் அவள் அண்ணனும் இவனும் ஒரே காரியத்தைத்தான் செய்திருந்தோம். மூன்று பேருக்கும் எங்கள் தறிக்குப் பக்கத்தில் உட்கார ஓர் ஆள் தேவைப்பட்டது. அவர்கள் இரண்டு பேரும் அதை மறைக்கவில்லை.

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கார்டை வாங்கினாள். இரண்டு பக்கமும் படித்தாள்.

"பதினோரு மணின்னு போட்டிருக்குது" என்றாள். "ஒம்போது மணி பஸ்ஸே போதும்."

 அவள் கார்டை மடிக்காமல் திருப்பித் தந்தாள்.

"பாய்கிட்ட சொல்லிட்டீங்களா சார்?"

"இன்னும் இல்லம்மா."

"அவருகிட்டதான் மொதல்ல போயிருக்கணும். எதுருல வந்தா நான் மூஞ்சியத் திருப்பிக்கினு போவேன் சார். எத்தினி வருஷம். அவரு என்னாம்மா நல்லாகீறியான்னு கேப்பாரு, நான் பதில் சொன்னதில்ல."

அன்று அவள் கலங்கியது அந்த ஒன்றுக்குத்தான். கிளாஸில் சம்பளத்துடன் ஆசிரியை வேலை வாங்கித் தருகிறேன் என்றேன். கமிட்டியிடம் பேசிவிட்டே போயிருந்தேன். சர்க்கார் வேலைக்கு எழுதும் வயதை அவள் தாண்டியிருந்தாள். என்னால் முடிந்தது அது ஒன்றுதான்.

"கரை யாரு சார் போடுவா?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. கணக்குக் கேட்பதுபோலக் கேட்டாள். புருஷன் கலரோடு வருவதற்குள் நான் கிளம்பிவிட்டேன்.

பாய் அப்போது ரிடையர் ஆகி, செவிலிமேட்டில் மகன் வீட்டில் இருந்தார். போய்ச் சொன்னேன். நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

"எனக்கு அன்னிக்கே தெரியும் சார். நோட்டுல கையெழுத்து எதுக்கு வாங்கினேன்? தெனம் ஒரு தடவை உங்களுக்கு அது ஞாபகம் வரட்டும்னுதான். நீங்களும் சலிக்காம போட்டீங்க."

மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. டீ கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன். பிறகு அவள் புருஷனோடு போய் அவரைப் பார்த்துவிட்டு வந்ததாகக் கேள்விப்பட்டேன்.

ஒரு வருடம் போயிருக்கும். அவள் தெருவிலிருந்து பெண்கள் வர ஆரம்பித்தார்கள். முதல் நாளிலேயே எந்த விரல் எந்த எழுத்துக்கு என்று தெரிந்து வந்தார்கள். பலகை ஒன்றில் கட்டம் போட்டு, எழுத்துகளை வரிசையாக எழுதி வைத்து, தறி நிற்கிற நேரத்தில் அவள் பழக்கிவிட்டிருந்தாள். என் கிளாஸை அவள் வெறுக்கவில்லை. மெஷின்கள் அங்கேதான் இருந்தன. பெண்களுக்கு மெஷின் வேண்டும்.

அவர்களில் முதலாவதாகத் தேறிய பெண்ணின் பதிவுப் படிவத்தை நானே டைப் அடித்துக் கொடுக்க உட்கார்ந்தேன். விலாசம் என்ன என்று கேட்டேன். செவிலிமேட்டில் ஒரு கதவு எண்ணைச் சொன்னாள். பாயின் வீடு.

"இது உங்க வீடு இல்லியேம்மா."

"இல்ல சார். அக்காதான் இந்த அட்ரஸ் குடுக்கச் சொன்னாங்க. கார்டு வந்தா தாத்தா சைக்கிள்ல கொண்டாந்து குடுத்துடுவாராம்."

"இந்தக் கிளாஸ் அட்ரஸே குடுக்கலாமே?"

"குடுக்கக் கூடாதுன்னாங்க. ஏன்க்கான்னு கேட்டேன். சாரையே கேளுன்னாங்க."

அவள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் "அப்புறம் சொல்றேன்" என்று சொல்லி, தலையைக் குனிந்து செவிலிமேட்டு விலாசத்தை அடித்தேன்.

அடுத்த வருடம் வேறொரு பெண் அதே விலாசத்தோடு, அதே கேள்வியோடு வந்தாள். அவளிடம் சொன்னேன். செவ்வாய்க்கிழமை, ரிப்பன் டப்பா, வாலாஜாபாத், எழுதாமல் விட்ட காகிதம் எல்லாவற்றையும். அவள் கடைசிவரை கேட்டாள். பிறகு படிவத்தை என் கையிலிருந்து வாங்கி, கதவு எண்ணை ஒருமுறை சரிபார்த்தாள். "இத நானே தபால்ல போட்டுக்கிறேன் சார்" என்று எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.