லிஃப்ட் அன்ரனி பார்த்தது

போன சனிக்கிழமை எங்கள் வெள்ளவத்தை ஃப்ளாட்டின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு செய்தி வந்தது. கொட்டாஞ்சேனையில் துப்பாக்கிச் சூடு, ஒருவர் பலி.

'பாதாள உலகக் கோஷ்டியாயிருக்கும், சும்மாவா சுடுவாங்க?' என்று ஐந்தாம் மாடிக்காரர் எழுதினார். நானும் கட்டைவிரல் ஒன்றைப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போனேன். கொழும்பில் யாராவது சுடப்பட்டால் தீர்ப்புச் சொல்ல நமக்கு அரை நிமிடம் போதாதா?

பின்னேரம்தான் படம் வந்தது. எங்கள் லிஃப்ட் திருத்த வரும் அன்ரனி!

சொந்தமில்லை, சிநேகிதமுமில்லை. வருடத்தில் நாலைந்து தடவை காண்போம். ஒருமுறை கரண்ட் போய், லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே நானும் பிரஷர்கார டீச்சர் ஒருவரும். டீச்சர் அழவே தொடங்கிவிட்டார். வெளியே வேலை செய்தபடி அன்ரனி, இன்றைக்கு என்ன கறி என்று விசாரித்தார். கணவாய் என்றார் டீச்சர். அதை எப்படிச் சமைப்பது என்று அவர் விளக்கி முடிப்பதற்குள் கதவு திறந்துவிட்டது.

ஆளிடம் ஒரு பிடிவாதம் உண்டு. திருத்தி முடித்ததும் தான் மட்டும் ஏறி, உச்சி மாடிவரை மூன்று தடவை போய் வருவார். அதுவரை யாரையும் ஏறவிடமாட்டார். ஒருநாள் அவசரத்தில் நான் சண்டைக்கே போனேன்.

"நான் ஏறிப் பாக்காத லிஃப்ட்ல உங்கள எப்பிடி ஐயா ஏத்துறது?" என்றார்.

படத்தைக் கண்டதும் குரூப்பில் போட்ட கட்டைவிரலை அழித்தேன். வெட்கம் போகவில்லை. மறுநாள் கொட்டாஞ்சேனையில் அவர் வீட்டுக்குப் போனேன். செத்த வீடென்றால் தெரு முழுக்க வெள்ளைக் கொடி கட்டுவார்களே — ஒன்றுகூட இல்லை. அயல் வீட்டுக் கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன.

அவர் மனைவிதான் விஷயத்தைச் சொன்னார். சில மாதங்களுக்கு முன் அந்தத் தெரு முடக்கில் பூ விற்ற பெண்ணொருத்தி சுடப்பட்டு இறந்தாள். குறி வேறு ஆளுக்கு, பட்டது அவளுக்கு. பக்கத்துக் கடையில் இருந்த அத்தனை பேரும் அந்த நேரம் பார்த்துக் குனிந்து பிளேன்டீ குடித்தார்களாம். அன்ரனி மட்டும் பொலிசுக்குப் போய், சுட்டவனைக் கண்டேன் என்றார். மிரட்டல் வந்தது. மனைவி காலைப் பிடித்துக் கெஞ்சியும் கேட்கவில்லை. இந்த வாரம் கோர்ட்டில் சாட்சி சொல்ல இருந்தார்...

அந்தக் கடையில் நான் இருந்திருந்தால்? சத்தியமாகக் குனிந்துதான் இருப்பேன். என்ன மனிதர் அவர்!

நான் புறப்பட எழும்பும்போது அவர் மனைவி சொன்னார்: "எல்லாரும் இவரப் பாதாள ஆள் எண்டுதான் கதைக்கிறாங்க. மகள் ஸ்கூலுக்குப் போகமாட்டேன் எண்டு அழுறா. நீங்க பேப்பருக்கு எழுதுற ஆள்தானே... நடந்தத எழுதுங்க, அது போதும்."

மகளே, உன் அப்பா சாட்சி. இந்தப் பக்கத்தை வெட்டியெடுத்துக்கொண்டு, நாளைக்கு ஸ்கூலுக்குப் போ.