மஞ்சள் தண்ணீர் தெளித்த கார்பட்

"ஹோல் கார்பட் ஒன்று. கம்பளி, வெளிறிய நிறம். அம்பிட்டிய. வாடை. காரணம்: பூனை. முறை: லோ மொய்ஸ்சர். வியாழன் காலை."

கண்டியை அடுத்த பிலிமத்தலாவையில் உள்ள எங்கள் பட்டறையின் ஜொப் கார்ட் ஒன்றில் இப்படி இருக்கிறது. எழுத்து முதலாளி ரவூஃப் நானாவுடையது. டெலிபோனை எடுத்தவர் அவர்தான். கார்ட்டில் தேதியும் உண்டு. அதை இங்கே தரவில்லை, வீட்டாரின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். கிழமைகளை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன், ஏனென்றால் நடந்தது கிழமைகளைப் பொறுத்தது.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது, இரண்டு முறைகளில் எது நல்லது என்பது. லோ மொய்ஸ்சர் என்றால் கெமிக்கலை மெல்லிய தூறலாக அடித்து, பிரஷ் மெஷினை ஓட்டி, காய்ந்ததும் வெக்யூம் பிடிப்பது. அழுக்கைச் சுற்றிக் கெமிக்கல் உறைந்து பொடியாக வரும். கண்டி மழையிலும் இரண்டொரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். ஆனால் மேல் இழையோடு சரி. ஹோட் வோட்டர் எக்ஸ்ட்ரக்ஷன், ஆட்கள் 'ஸ்டீம்' என்று சொல்வது, வேறு வேலை. முதலில் ஒரு காரக் கெமிக்கலை அடித்து ஊறவிட்டு, பிறகு சுடுநீரை அழுத்தத்தோடு உள்ளே செலுத்தி அந்தக் கணமே உறிஞ்சி எடுக்க வேண்டும். அடியில் இருப்பது மேலே வரும். காய ஒரு நாள் வேண்டும், மழைக்காலத்தில் அதற்கும் மேல்.

எது நல்லது என்பதை கார்பட்டில் என்ன இருக்கிறது என்பதுதான் தீர்மானிக்கும். அதை யாராவது உண்மையாகச் சொல்ல வேண்டும்.

வியாழன்

மழை தூறிக்கொண்டிருந்தது. நானும் என்னோடு வேலை செய்யும் ஜயந்தவும் மெஷின்களை இறக்கி ஹோலுக்கு, வீட்டின் முன்னறைக்கு, கொண்டுபோனோம். ஜன்னல்கள் எல்லாம் அடைத்திருந்தன. திறந்தால் குரங்கு வரும் என்றார் அந்த வீட்டு மகள். யோகா என்று வைத்துக்கொள்ளுங்கள். மாநகர சபையில் கிளார்க், கட்டுகஸ்தொட்டையில் குடியிருப்பவர். வாசலிலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. பூனை மூத்திரம் மூக்கில் குத்தும். இந்த வாடை குத்தவில்லை, தொண்டையில் போய் உட்கார்ந்தது. ஜயந்த மாஸ்க்கை எடுத்து மாட்டிக்கொண்டான்.

கார்பட்டின் ஓரத்தைத் தூக்கி அடியில் மெத்தைபோல விரித்திருந்த ஃபெல்ட்டைப் பார்த்தேன். பிறகு அவரிடம் போய், "இது பூனை இல்லைங்க. என்னன்னு சொன்னாத்தான் நான் வேலை செய்யலாம்" என்றேன்.

அவர் மாடிப்படியில் உட்கார்ந்தார். சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார். அவருடைய அப்பா கடையை விற்றுவிட்டு இந்த வீட்டில் தனியாக இருந்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக்காரர் கதவை உடைத்துப் பார்த்தபோது இந்தக் கார்பட்டில் கிடந்தார். இறந்து சில நாட்கள் ஆகியிருந்தது. பெட்டியை மூடித்தான் சடங்கு செய்தார்கள். அண்ணன் கட்டாரில். லீவு கிடைக்காமல் எல்லாவற்றையும் போனில் பார்த்தார். இப்போது கருமாதிக்கு லீவு கிடைத்து நாளை வருகிறார்.

"அண்ணன்கிட்ட ஆஸ்பத்திரியில போயிட்டாருன்னு சொல்லியிருக்கேன். நான் பக்கத்துல இருந்தேன்னும் சொல்லிட்டேன்."

கார்பட்டைச் சுருட்டி எங்கேயாவது போட்டுவிட்டால் என்ன என்று கேட்டேன். அதை அண்ணன்தான் தோளில் சுமந்து விமானம் ஏற்றிக் கொண்டுவந்தாராம். அப்பாவுக்குக் கால் குளிராமல் இருக்க. ஐயர் வந்தால் அதில்தான் உட்காரவைக்க வேண்டும் என்று நேற்றும் போனில் சொல்லியிருக்கிறார்.

இரண்டு முறைகளையும் மேலே எழுதியபடி அவருக்கு விளக்கினேன். லோ மொய்ஸ்சர் செய்தால் சாயங்காலம் காய்ந்து பார்வைக்குச் சுத்தமாக இருக்கும், வாடை ஃபெல்ட்டில் அப்படியே கிடக்கும். ஸ்டீம் செய்தால் அடிவரை போகலாம், நாளை அண்ணன் வரும்போது ஈரமாக இருக்கும். அவர் முடிவு சொல்வதற்குள் நானாவுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்து, அண்ணன் இரண்டு வார லீவில் வருவது உட்பட எல்லாவற்றையும் சொன்னேன்.

"காரணம் என்னவா வேண்டுமென்டாலும் ஈக்கட்டும்," என்றார் நானா. "இந்த மழைக்கி ஸ்டீம் அடிச்சா காய ஏலாது. மேலுக்குச் சுத்தமாக்கிட்டு வாங்க. அண்ணன் லீவுல ஈக்கிற ரெண்டு வாரத்துக்கி அது போதும்."

யோகா போனைப் பார்த்தபடி, "மேலுக்குச் சுத்தம் பண்றதை நானே பண்ணிட்டேன் நானா," என்றார். "அடியிலதான் இருக்கு."

"வீட்டுக்காரர் சொல்ற மாதிரி செய்ங்க," என்று நானா வைத்துவிட்டார்.

மஞ்சள்

ஃபெல்ட்டை உருவி பையில் கட்டினோம். உடம்பிலிருந்து வந்த கறைக்கு முதலிலேயே சூடு காட்டினால் அது இழையில் வெந்து பிடித்துக்கொள்ளும், அதனால் தண்ணீரை வெதுவெதுப்புக்கு இறக்கி வைத்தேன். காரக் கெமிக்கலை வழக்கப்படி ஒரு மூலையில், சோஃபாவுக்கு அடியில், தடவிப் பார்த்தேன். நிறம் மாறவில்லை. நடுவிலிருந்து அடிக்கத் தொடங்கினேன்.

அடித்த இடமெல்லாம் சிவந்தது.

முதலில் இளஞ்சிவப்பு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடும் சிவப்பு. அதுவும் பரவலாக இல்லை, விளக்குமாறு இழுத்த கோடு கோடாக. நடுவில் மட்டும் கோடுகள் நெருங்கி, ஒரு ஆள் ஒருக்களித்துப் படுத்த நீளத்துக்கு ஒரே சிவப்பு. யோகா படியிலிருந்து எழுந்து சுவரோடு ஒட்டி நின்றார். ஜயந்த மெஷினை நிறுத்தினான்.

அது இரத்தமில்லை என்று எனக்குத் தெரியும். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் வருகிற சிவப்பு அது. எங்கள் கெமிக்கலில் சுண்ணாம்பைப் போலவே காரம். இங்கே மஞ்சள் எப்படி வந்தது என்று கேட்டேன்.

சமையலறையிலிருந்து அத்தை வந்தார், இறந்தவரின் தங்கை, நாவலப்பிட்டிக்காரர். பிணம் போனபின் வீடு கழுவினாராம். "மஞ்சத் தண்ணி தெளிக்காம வீட்ட எப்படிம்மா விடுறது? தரைக்கெல்லாம் ஊத்தினேன். அண்ணன் கெடந்த எடத்துல ரெண்டு வாளி கூடத்தான் ஊத்தித் தேய்ச்சேன்." சிவப்பைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

முந்தைய இரண்டு வாரமும் அந்த மஞ்சள் வெளிறிய கம்பளியின் அடி இழையில் இறங்கி, மேலே கண்ணுக்குத் தெரியாமல் கிடந்திருக்கிறது. ஃபெல்ட் வரைக்கும் வாடையைத் தள்ளியதும் அந்த இரண்டு வாளித் தண்ணீர்தான். லோ மொய்ஸ்சர் கெமிக்கலில் காரம் குறைவு. நானா சொன்னதைச் செய்திருந்தால் இந்தச் சிவப்பு வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

காரத்தை முறிக்க எலுமிச்சை உப்புக் கரைசல் அடித்தேன். சிவப்பு இறங்கி, எங்கள் ஈரத்தோடு மேலே ஏறிவந்த மஞ்சளானது. அதற்குமேல் இறங்கவில்லை. மஞ்சளை எடுப்பது வெயில் மட்டுமே, அன்றைக்கு வெயில் இல்லை. எத்தனை முறை உறிஞ்சியும் கோடுகளும் நடுவில் அந்த நீளமும் தெளிவாக இருந்தன. ஈரம் காயக் காய அடியில் இருந்தது நுனிக்கு ஏறி, ஓரத்தில் பழுப்பாகக் கரை கட்டியது. காற்றாடி இரண்டை ஓடவிட்டுத் திரும்பினோம். வாடை பெரும்பாலும் போயிருந்தது. வாடைக்காகத்தான் எங்களைக் கூப்பிட்டார்கள்.

வெள்ளி

மத்தியானம் காற்றாடிகளை எடுக்கப் போனபோது அண்ணன் வந்துவிட்டிருந்தார். பயணப் பெட்டி வாசலில் நின்றது. அவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு கார்பட்டின் ஓரத்தில் நின்றார். மேலே ஏறவில்லை, நடுவில் தெரிந்த அந்த ஆள் நீள மஞ்சளையே பார்த்தார். அத்தை சாமி அறைக்குள் இருந்தார். யோகா கதிரையின் முதுகைப் பிடித்தபடி நின்றார். நான் காற்றாடியின் வயரைச் சுருட்டத் தொடங்கினேன், வேறு என்ன செய்வதென்று தெரியாமல்.

"அப்பா இங்கதானே கெடந்தாரு," என்றார் அண்ணன். கேள்வியாக இல்லை.

யோகா ஆமென்று தலையாட்டினார்.

"எத்தன நாளு?"

கேட்டுவிட்டு அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. எத்தன நாளுன்னு கார்பட்ட பாத்தா ஒங்களுக்குத் தெரியுமில்ல?"

தெரியாது என்றேன். அது உண்மை. கறையை வைத்து நாளைச் சொல்ல எங்களால் முடியாது. பிறகுதான் யோகா வாய் திறந்தார். கதவை உடைத்த ஞாயிறுக்கு முந்தைய வியாழக்கிழமை சாயங்காலம் அப்பாவோடு போனில் பேசியதாகச் சொன்னார். அப்பா நன்றாகத்தான் பேசினார், மழையைப் பற்றிச் சொன்னார் என்றார். சனிக்கிழமை வருகிறேன் என்று தான் சொன்னதாகவும், சனிக்கிழமை போக முடியவில்லை என்றும் சொன்னார். அண்ணன் குனிந்து கார்பட்டின் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையை நான் பிடித்தேன். ஈரத்தில் கனமாக இருந்தது. வேனுக்குக் கொண்டுபோகும்வரை அவர் தோளைக் கொடுத்தார், கொண்டுவந்த நாளில் கொடுத்த மாதிரியே இருக்க வேண்டும். வெயில் வந்ததும் காயப்போடுங்கள், தூக்கி எறியாதீர்கள் என்று மட்டும் சொன்னார்.

இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். சோதனைத் துளியைச் சோஃபாவுக்கு அடியில் மட்டும் வைத்துவிட்டு நம்பாதீர்கள், கறையின் நடுவிலும் வையுங்கள். சாவு நடந்த வீடு என்று தெரிந்தால், முறையைத் தீர்மானிக்கும் முன் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்களா என்று கேளுங்கள். சாவு நடந்த வீடு என்று யாரும் தாமாகச் சொல்லமாட்டார்கள், அதையும் கேளுங்கள். அடியில் இருப்பதை மேலே கொண்டுவரும் முறையைத் தேர்ந்தெடுத்தால், மேலே வந்ததைப் பார்க்க யார் நிற்பார்கள் என்று யோசியுங்கள். அந்தக் கேள்வியை அன்று நானா மட்டும்தான் யோசித்தார்.

கார்பட் இன்னும் பட்டறைக் கூரைக்குக் கீழே தொங்குகிறது. பல வெயில்கள் பட்டு மஞ்சள் போய்விட்டது, பழுப்புக் கரை இருக்கிறது. அண்ணன் திரும்பப் போனபின் யாரும் கேட்டு வரவில்லை. ஒரே ஒருமுறை யோகா போன் செய்தார். கார்பட்டைப் பற்றி ஒன்றும் கேட்காமல், வியாழக்கிழமை பேசியது உண்மைதான் என்று என்னிடம் சொல்லிவிட்டு வைத்தார். அது உண்மையென்றால் அப்பா அங்கே கிடந்தது மூன்று நாளுக்கும் குறைவு. அந்த வியாழக்கிழமை அழைப்பை அப்பா எடுத்தாரா என்பதை நான் சரிபார்க்கவில்லை. எனக்குத் தெரிந்தவரை அண்ணனும் சரிபார்க்கவில்லை.