நாலு முள் நங்கூரம்

குருநகரில் பாய் தைப்பதற்கு பெர்னடெட்டை விட்டால் ஆளில்லை என்று சொன்னால் அவளே நம்பமாட்டாள். எஞ்சின் ஓடிய காலத்தில் பாயை யார் தேடினார்கள்? சண்டையால் மண்ணெண்ணெய்க்குத் தடை வந்த பிறகுதான் ஊரே பாய்க்குத் திரும்பியது. அவளும் வெறும் கோதுமை மாச்சாக்குகளைப் பிரித்துத் தைத்துத் தைத்தே கைகாரியானாள். அதனால்தான் தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு தை மாதத்தில் ஒருநாள், புருஷன் சிமியோன் கொண்டுவந்து போட்ட பாயில் விரல் நுழையுமளவு வட்டமாக ஓர் ஓட்டையைக் கண்டதும், அவள் அதைத் திருப்பித் திருப்பி விரல்விட்டுப் பார்த்தாள்.

ஆணி கிழித்துவிட்டது என்றான் சிமியோன். ஆணி கிழித்தால் துணி நீளத்துக்குக் கிழியும் என்பது பாய் தைப்பவளுக்குத் தெரியாதா? ஒட்டுப் போட்டுத் தைத்துக் கொடுத்தாள். பிறகு வள்ளத்தடிக்குப் போய் நங்கூரத்தைப் பார்த்தாள். நாலு முள்ளிலும் கறுத்தச் சேறு வழுவழுவென்று பூசிக் கிடந்தது. எங்காவது ஊன்றிப் பிடித்திருந்தால் கட்டிகட்டியாக வந்திருக்கும். இது சேற்றைச் சீப்புப்போல வாரிக்கொண்டே போயிருக்கிறது.

நடந்தது அவளுக்கு விளங்கிவிட்டது. முன்பு சிமியோன் எஞ்சினோடு தீவுகளுக்கு அப்பால், கல்லும் மணலுமான தரையில் தொழில் செய்தவன். அங்கே இந்த நங்கூரம் அசையாது. இப்போது கரையை ஒட்டிய ஆழமில்லாத களப்புக்குள்ளேயே, பகலில் மட்டும், சேற்றுத் தரையில் தொழில். நங்கூரத்தைப் போட்டுத் தூண்டிலை விட்டு வெயிலுக்குக் கண்ணயர்ந்திருப்பான். வாடைக்காற்று வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு எதிர்க்கரைப் பக்கம் போயிருக்கும். அந்தக் கரைக்குக் கிட்டப் போனால் ஆமிக்காரர் சுடுவார்கள். கேள்வி கேட்கமாட்டார்கள்.

"உந்த நங்கூரத்தை இனிக் கொண்டு போகாதேங்கோ" என்றாள் அன்று சோறு போடும்போது.

சிமியோனுக்குக் கோபம் வந்துவிட்டது. அது அவனுடைய தகப்பன் யாகப்பு அடிப்பித்த நங்கூரம். தண்டில் ஒரு சிலுவையும் 'யா' என்ற எழுத்தும் உளியால் வெட்டியிருக்கும். வருஷாவருஷம் ஆடி மாதத்தில் கோயில் திருநாளுக்கு அதைக் கழுவி, எண்ணெய் பூசிக் கொண்டுபோய்த் தீர்த்தம் தெளிப்பிப்பான். ஆசீர்வதித்த நங்கூரம் இழுக்காது என்பது அவன் கட்சி. பெர்னடெட்டுக்கும் விசுவாசம் குறைவில்லை. ஆனால் கோயிலில் இருக்கிற புனித யாகப்பரும் வலை இழுத்தவர்தானே, சேற்றுக்குள் இந்த முள்ளைப் போட்டுவிட்டு அவரே நித்திரை கொள்வாரா என்று அவள் மனதுக்குள் நினைத்தாள். சொன்னால் வீடு இரண்டுபட்டிருக்கும்.

அடுத்த வாரம் முழுவதும் கரையில் விழுந்து கிடந்தாள். முறிந்த மின்கம்பம் ஒன்று அங்கே நின்றது. அதற்கு நேரே சிமியோனின் பாய்மரம் தெரியும்படி ஓரிடம் பார்த்துக் குந்திக்கொள்வாள். கம்பத்தை விட்டுப் பாய்மரம் விலகினால் வள்ளம் இழுபடுகிறது என்று கணக்கு. ஒவ்வொரு நாளும் அது விலகியது. ஒவ்வொரு நாளும் சிமியோன் விழித்துப் பாயேற்றித் திரும்பி வரும்வரை அவள் அந்த இடத்தை விட்டு எழும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சிமியோன் சிநேகிதன் வீட்டுக்குப் போய்விட்டான். பெர்னடெட் நங்கூரத்தைச் சாக்கில் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டினாள். பழைய பால்மாத் தகர ரின் ஒன்றில் அந்தக் களப்புச் சேற்றையும் அள்ளி எடுத்துக்கொண்டாள். சண்டிலிப்பாய்வரை மிதித்தாள். அங்கே கதிரவேலு என்ற கொல்லர், மண்வெட்டியும் கலப்பைக் கொழுவும் அடிக்கிறவர், கடல் தொழிலே அறியாதவர். அறியாததால்தான் அவரிடம் போனாள். துறையில் யாரைக் கேட்டாலும் நாலு முள்தான் சொல்வார்கள்.

கதிரவேலு நங்கூரத்தைத் தொடவேயில்லை. ரின்னைத் திறந்து சேற்றை விரலிடுக்கில் பிசைந்து பார்த்தார்.

"உது களிமண், தங்கச்சி. உதுக்கு முள் சரிவராது. அகலமான அலகுதான் வேணும்" என்றார்.

இரும்புக்குப் பஞ்சமான காலம். ஓடாத லொறியொன்றின் வில்லுத்தகடு அவரிடம் கிடந்தது. அது அலகுக்குக் காணும். தண்டுக்கு இரும்பில்லை. பழையதை வெட்டித்தான் ஆக வேண்டும். பெர்னடெட் தண்டிலிருந்த 'யா'வைப் பார்த்தாள். புருஷனுக்கு இது தகப்பனை வெட்டுகிற மாதிரி. வெட்டாவிட்டால் புருஷனே இல்லை. வெட்டச் சொன்னாள். எழுத்தும் சிலுவையும் இருக்கிற பக்கத்தை மட்டும் நெருப்பில் காட்டவேண்டாம் என்று கெஞ்சினாள்.

மாலைக்குள் மண்வெட்டி போன்ற இரண்டு அலகுகளும், நங்கூரம் படுத்துவிடாமல் ஒரு குறுக்குக் கம்பியும் ஏறின. பக்கத்துப் புகையிலைத் தோட்டத்தில் அப்போதுதான் தண்ணீர் கட்டியிருந்தார்கள். அதற்குள் போட்டு இரண்டு பேரும் கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். ஒரு முழம் வந்தது. பிறகு அலகு புதைந்து நின்றுவிட்டது. இழுத்த இழுவையில் கதிரவேலு சேற்றில் குந்திவிட்டார். பெர்னடெட் பல நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

சிமியோன் சிரிக்கவில்லை. நங்கூரத்தைக் கண்டதும் திடுக்கிட்டு நின்றான். தண்டைத் தடவி, சிலுவையில் பெருவிரலை வைத்துக்கொண்டு, "என்னட்டைக் கேட்டிருக்கலாம்" என்றான். அவ்வளவுதான். மூன்று நாள் அவளோடு கதைக்கவில்லை. அவளுக்கு அது கல்லால் எறிந்ததைவிட வலித்தது. ஆனாலும் நாலாம் நாள் வள்ளத்தில் அதைத்தான் ஏற்றிக்கொண்டு போனான்; வேறு நங்கூரமும் இல்லையே.

அன்று பார்த்து வாடை பேயாய் அடித்தது. மற்ற வள்ளங்கள் நேரத்தோடு திரும்பிவிட்டன. பெர்னடெட் தன் இடத்தில் குந்தினாள். கம்பம், அதற்கு நேரே பாய்மரம். ஒரு மணித்தியாலம் போனது. விலகவில்லை. இன்னொரு மணித்தியாலம். கம்பத்தோடு ஒட்டிவைத்ததுபோல நின்றது. அவளுக்குத் தோளெல்லாம் இளகியது. கவிழ்த்திருந்த வள்ளமொன்றில் தலையைச் சாய்த்தாள்.

கண் விழித்தபோது கம்பம் மட்டும் நின்றது. பாய்மரத்தைக் காணவில்லை. "மாதாவே" என்று பதறிக்கொண்டு எழும்பப் போனவளை ஓர் ஈரக்கை பிடித்து இருத்தியது. சிமியோன் பக்கத்தில் இருந்தான். வெயில் அவள் முகத்தில் படாதபடி தள்ளி, மறைத்துக்கொண்டு இருந்தான்.

"நான் வந்து கனநேரம். எழுப்ப மனம் வரேல்லை."

அவள் கண்ணைத் துடைத்தாள். அவன் கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"அண்டைக்குப் பாயைக் கிழிச்சது ஆணியில்லை, பெர்னடெட்."

"தெரியும்" என்றாள் அவள்.