கடையில் செல்லாத நோட்டு

கிருஷ்ணகிரியிலிருந்து வரும் காலை பஸ், எங்கள் பள்ளிக்கூடத்தின் முன் நிற்பதில்லை. அன்று நின்றது. கண்டக்டர் இறங்கி வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "ரங்கநாயகி டீச்சர் ஆஸ்பத்திரியில தவறிட்டாங்கம்மா. பின்னால வண்டியில எடுத்தாறாங்க" என்றார். நான் நான்காம் வகுப்புக்கு வாய்ப்பாடு ஒப்பிக்க வைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகளுக்கு விஷயம் தெரியாது. அவர்கள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார்கள். 

ரங்கநாயகி அம்மையார் இந்த ஓசூர் ஆரம்பப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர்கள். நான் கணக்கு. எங்கள் இருவருக்கும் ஒரே மேஜை. அவர்கள் என்னைவிட மூத்தவர்கள். இளம் வயதிலேயே கணவரை இழந்தவர்கள். உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. பிள்ளைகளை அதட்டும் வேலையெல்லாம் என் பங்கு.

அவர்களிடம் ஒரு நோட்டு இருந்தது. இரண்டரை ரூபாய் நோட்டு. அப்படி ஒன்று உண்டா என்று நானும்தான் கேட்டேன். வெள்ளைக்காரன் காலத்தில் கொஞ்ச நாள் இருந்ததாம். அவர்களுடைய மாமனார் சந்தையில் கன்றுக்குட்டியை விற்றபோது வந்தது. மனிதர் அதைப் பெட்டியில் பூட்டி வைத்தார். சர்க்கார் அந்த நோட்டை நிறுத்திய சங்கதி அவருக்குத் தெரிவதற்குள் காலம் கடந்துவிட்டது. ஊரில் வேறு யாரிடமும் அப்படியொரு நோட்டை நான் பார்த்ததில்லை.

நயா பைசா வந்து எங்களைக் குழப்புவதற்கு முந்தைய அணாக் காலம் அது. பணத்தைப் பற்றிப் பாடம் நடத்தும்போது ஒரு நாள் டீச்சர் அந்த நோட்டை வகுப்பில் காட்டினார்கள். "இது எந்தக் கடையில செல்லும்? சிலேட்டுல எழுதுங்க" என்றார்கள். எந்தக் கடையிலும் செல்லாது என்பதுதான் விடை. எல்லாரும் அப்படியே எழுதினார்கள், நஞ்சம்மாவைத் தவிர.

நஞ்சம்மா வீட்டில் கன்னடம். சானமாவுக் காட்டுப் பக்கம் கேழ்வரகுக் காவலுக்குப் போன அவள் அப்பாவை யானை அடித்துக் கொன்றுவிட்டது. தாய்மாமன் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வந்துகொண்டிருந்தாள். வந்த நாளிலிருந்து வகுப்பில் வாயைத் திறந்ததில்லை, சிலேட்டில் ஓர் எழுத்துப் போட்டதில்லை. இப்படியே இருந்தால் மாடு மேய்க்க அனுப்பிவிடுவதாக மாமன் சொல்லிவிட்டுப் போயிருந்தார். டீச்சருக்கு அது நெஞ்சில் முள்ளாக இருந்தது.

கன்னடத்தில் கடைக்கு அங்கடி என்று பெயர். கடை என்ற சொல் அந்தப் பெண்ணுக்குப் பழக்கமில்லை. அவள் காதில் அது கதை என்று விழுந்திருக்கிறது. இது எந்தக் கதையில் செல்லும் என்று கேட்கிறார்களாக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

டீச்சர் அந்தச் சிலேட்டை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார்கள். கோணல் எழுத்தில் இவ்வளவுதான் இருந்தது: "எங்க அப்பா கதையில் செல்லும். நோட்டை ஆனெகிட்ட குடுத்தேன். ஆனெக்கு ஓதக்கெ பரல்ல. வாங்கிக்கிச்சு. அப்பாவைத் திருப்பிக் குடுத்துச்சு."

யானைக்குப் படிக்கத் தெரியாது. அதனால் செல்லாத நோட்டை வாங்கிக்கொண்டது.

நான் கணக்கு டீச்சர். என் புத்தி எங்கே போகும்? "ஒரு எழுத்துத் தப்பு" என்றேன். "அவ எழுதினது சரிதாம்மா. நாந்தான் கேள்வியத் தப்பாக் கேட்டுட்டேன்" என்றார்கள். சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார்கள். அந்தச் சிலேட்டை அழிக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. நஞ்சம்மாவுக்குப் புதுச் சிலேட்டு வாங்கிக் கொடுத்தார்கள். மாமனிடம் நேரில் போய்ப் பேசினார்கள். அவள் பள்ளிக்கூடத்தில் நின்றாள்.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் நோட்டு வகுப்புக்கு வரும். இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே வைத்து நூலால் கட்டியிருப்பார்கள். அதன் முதுகில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது எல்லாம் இருக்கும். எங்கள் வீட்டுப் பேச்சு இதோ என்று பிள்ளைகள் விரல் வைத்துக் காட்டுவார்கள். கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "இது எந்தக் கதையில செல்லும்?" தேன்கனிக்கோட்டைப் பையன் ஒருவன் அந்த நோட்டுக்கு இரண்டரை ஆடு வாங்கினான், அந்த அரை ஆடு நொண்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்ததாம். அதைப் படித்துவிட்டு டீச்சர் சிரித்த சிரிப்பை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. பெங்களூரிலிருந்து பழைய நாணயம் சேர்க்கும் ஒருவர் வந்து நல்ல விலைக்குக் கேட்டார். "பிள்ளைங்க இன்னும் எழுதி முடிக்கலைங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

இந்த வருஷம் மழைக்காலத்தில் டீச்சருக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. மூச்சு வாங்கியது. கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குப் புறப்படும்போது நோட்டை என் கையில் கொடுத்து, "நான் வர்ற வரைக்கும் வெள்ளிக்கிழமை நிக்கக் கூடாது, மீனாட்சி. சீக்கிரம் வந்துடுவேன்" என்றார்கள். நானும் நிறுத்தவில்லை. ஆனால் என்னிடம் பிள்ளைகள் கதை எழுதுவதைவிட, டீச்சர் எப்போது வருவார்கள் என்று கேட்டதுதான் அதிகம்.

டீச்சரை வீட்டுக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். நெற்றியில் ஒரு ரூபாய்க் காசு ஒட்டியிருந்தது. நஞ்சம்மா உயர்நிலைப் பள்ளியிலிருந்து ஓடி வந்திருந்தாள். இப்போது தாவணி போட்ட பெண். அழவில்லை. என்னிடம் வந்து, "அந்த நோட்டு குடுங்க டீச்சர்" என்றாள். கொடுத்தேன். நூலைப் பிரித்து, கண்ணாடியை எடுத்துவிட்டு, நோட்டை ரங்கநாயகி அம்மையாரின் முந்தானையில் வைத்து முடிந்தாள். பெரியவர்கள் யாரும் தடுக்கவில்லை.

முடிச்சைப் பிடித்தபடியே என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"எமனுக்குப் படிக்கத் தெரியுமா, டீச்சர்?"

"தெரியாதும்மா" என்றேன்.

எமனுக்குத் தெரியாவிட்டால் என்ன, பக்கத்தில் சித்திரகுப்தன் இருக்கிறான். அவனிடம் எந்தக் கணக்கும் தப்பாது. எனக்குத் தெரியாதா அது? ஆனாலும் டீச்சரை ஏற்றிய வண்டி தெருமுனை மாமரத்தடியில் திரும்பி மறையும்வரை நானும் அந்தப் பெண்ணும் தெருவிலேயே நின்றோம்.

சென்று வாருங்கள், டீச்சர். கிருஷ்ணகிரி பஸ் சத்தம் கேட்டால் இன்னும் வாசலைத்தான் பார்க்கிறேன்.