தெருமுனையில நின்ன ஜெனரேட்டர்

எதிர்வீட்டு இருளம்மாக்காவைப் பத்தி யாராச்சும் தப்பாப் பேசுனா எனக்குப் பொல்லாத கோவம் வரும், சொல்லிட்டேன். திருத்தங்கல் பக்கம் பட்டாசு கம்பெனியில இருபத்திரண்டு வருசம் வேலை பாத்தவ. வெடிமருந்து ரூமுக்குள்ள நுழையுமுன்ன வாசல்ல இருக்க செம்புத் தகட்டைத் தொட்டுட்டுத்தான் போகணும், அப்பத்தான் ஒடம்புல இருக்க கரண்டு தரையில எறங்கும். இன்னைக்கும் அடுப்பைப் பத்தவைக்குமுன்ன செவுத்தை ஒருதரம் தொடுவா.

அவ வீட்டுக்காரர் மொக்கைச்சாமி அண்ணனுக்கு நுரையீரல் கெட்டுப்போச்சு. ஆக்சிஜன் மிஷின் ஓடுனாத்தான் மூச்சு. மாசம் ஒருநாள் பராமரிப்புன்னு காலையில ஒம்பதுல இருந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும் கரண்டை நிறுத்திருவாக. இன்வெர்ட்டர் ரெண்டு மணி நேரத்துல படுத்துரும். போன தடவை அண்ணனுக்கு ஒதடெல்லாம் நீலமாகி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனோம். மறுநாளே அக்கா சிவகாசிக்குப் போயி, சக்கரம் வச்ச பெட்ரோல் ஜெனரேட்டர் ஒண்ணை ஆட்டோவுல ஏத்திட்டு வந்துட்டா. புகை வீட்டுக்குள்ள வந்தா ஆளையே கொன்னுரும்னு கடைக்காரர் சொன்னதால, கொல்லையில ஜன்னலுக்கு எட்டத்துல வச்சா. கம்பி அடிச்சு எர்த்தும் போட்டா.

வந்துட்டாருல்ல பக்கத்து வீட்டுச் சங்கரலிங்கம் அண்ணாச்சி! பட்டாசு யாவாரி.

"இதை இங்கன வைக்கக் கூடாது. ஒரு பொறி பறந்தா என்ன ஆகும்?"

அம்புட்டுப் பயம் எதுக்குன்னு தெருவுக்கே தெரியும். அக்கா கொல்லையை ஒட்டுன அவரு ரூம்ல தீவாளிப் பெட்டிக கூரை வரைக்கும் அடுக்கிக் கெடக்கு. குடோன்ல இருக்க வேண்டிய சரக்கு.

"அப்ப பெட்டியை எடுங்க அண்ணாச்சி."

"சீசன்ல எங்க கொண்டுபோக? நான் கம்ப்ளெயின்ட் குடுப்பேன்."

"தாராளமாக் குடுங்க. வர்ற ஆபீசரு அந்த ரூமையும் பாத்துட்டுப் போகட்டும்."

அண்ணாச்சி விறுவிறுன்னு வீட்டுக்குள்ள போயிட்டாரு. பெட்டி மட்டும் நகரலை.

அடுத்த பராமரிப்பு நாள். பதினொரு மணிக்கு இன்வெர்ட்டர் கத்த ஆரம்பிச்சிருச்சு. அக்கா கொல்லைக்குப் போயி ஜெனரேட்டர் கயித்தைப் பிடிச்சா. செவுத்துக்கு அந்தப் பக்கம் இருக்க மருந்தை நெனச்சு விட்டுட்டா. திரும்பி என்னையக் கூப்புட்டா.

"சம்சாத்து, அந்தப் பக்கம் பிடி."

ரெண்டு பேருமாத் தள்ளி, நாலு வீடு தாண்டித் தெருமுனையில நட்டநடுவுல நிறுத்துனோம். நீள ஒயரை இழுத்து மிஷினுக்குக் குடுத்தா. முனைவீட்டுக் கம்பிக் கேட்டைத் தொட்டுட்டுக் கயித்தை ஒரே இழுப்பு. ஓடிருச்சு!

அந்நேரம் பாத்து அண்ணாச்சிக்கு லோடு ஏத்த வேன் வந்து ஆரன் அடிக்குது. அண்ணாச்சி வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு ஓடி வந்தாரு.

"ஏத்தா, எடு இதை! வண்டி உள்ள வரணும்."

"எடுக்கேன். எங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க, வண்டி உள்ள போற வரைக்கும் மூச்சை நிறுத்தி வைக்க முடியுமான்னு."

தெருவே வாசல்ல நின்னு பாக்குது. டிரைவர் இஞ்சினை அணைச்சுட்டாரு.

"எப்பத்தான் எடுப்ப?"

"ஒங்க ரூம் காலியான மறுநிமிசம். இந்தப் பக்கம் ஒரு பெட்டி வரக்கூடாது. வேனை மெயின் ரோட்டுக்கு அனுப்பிட்டு, பின்னாடி சந்து வழியாக் கொண்டுபோங்க."

அண்ணாச்சி முறைச்சாரு, அக்கா அசையலை. கடைசியில வேனு சுத்திப் போச்சு. அண்ணாச்சி ரூமைத் தொறந்து, கோவத்துல மொதப் பெட்டியைத் தரையில தரதரன்னு இழுத்தாரு.

அந்த ரூம் வாசல்ல இடுப்புல கைவச்சு நின்ன அக்கா போட்டா பாருங்க ஒரு சத்தம்:

"ஏ அண்ணாச்சி, இழுக்காதீக! மருந்து உரசும். தூக்குங்க!"

அண்ணாச்சி பெட்டியைத் தூக்கித் தலையில வச்சாரு.