சாமி மாடத்தில் வைத்த மெழுகு

என் வீட்டுக்காரருக்குப் புராஸ்டேட்டில் புற்றுநோய் என்று சொன்ன டாக்டரே இன்னொன்றும் சொன்னார். கட்டியின் செல்லில் இருக்கிற டி.என்.ஏ.வைப் பரிசோதித்தால், அது மெதுவாக வளர்கிறதா, வேகமாகப் பரவுகிறதா என்று ஓரளவு தெரியுமாம். மெதுவானது என்றால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். வேகமானது என்றால் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டும்.

ஊசியால் எடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்திருந்தார்கள். அதை ஆஸ்பத்திரியில் வாங்கிப் பரிசோதனைக்காரர்களிடம் கொடுக்க வேண்டும். மகள் வருகிறேன் என்றாள்.

"எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். நீ ஒன்னும் லீவு போட வேணாம்" என்று நானே போய் வாங்கினேன்.

தீப்பெட்டியைவிடச் சின்ன டப்பா. "வெயில் படாம வச்சிக்க ஆயா" என்றாள் கொடுத்த பெண்.

வெயில் படாமல்தான் வைத்தேன். எங்கள் வீட்டில் விதைநெல்லோ, பிள்ளைகளின் மார்க் ஷீட்டோ, எதுவானாலும் சாமி மாடத்தில் வைத்துக் கும்பிட்ட பிறகுதான் வெளியே போகும். விளக்கேற்றிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனேன். திரும்பி வந்தால், விளக்குச் சூட்டில் மெழுகு இளகி மாடத்துக் கல்லில் வழிந்து கிடந்தது. கரண்டிக் காம்பால் சுரண்டி டப்பாவில் அழுத்தி வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் பரிசோதனைக்காரர்களிடம் கொண்டுபோய்க் கொடுத்தபோது அங்கிருந்த பையன், "இன்னா ஆயா, ஒரு மாதிரியா இருக்குது?" என்றான்.

"அவுங்க குடுத்ததே அப்படித்தான்" என்றேன்.

பத்து நாள் கழித்துப் போன் வந்தது. சதை போதவில்லை, மறுபடியும் ஊசி போட்டு எடுக்க வேண்டுமாம். முதல் தடவை எடுத்தபோது பஸ்ஸில் உட்கார முடியாமல் எங்கள் ஊர் பாகூர் வரைக்கும் நின்றுகொண்டே வந்த மனிதர் அவர்.

"ஒரு வேலையாச்சும் ஒழுங்கா தெரியுதா இவனுங்களுக்கு?" என்று காலையிலிருந்து ஆஸ்பத்திரிக்காரர்களைத் திட்டிக்கொண்டிருந்தார். கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துப்போயிற்று.

"அவனுங்கள ஏன் திட்டற? நான்தான். மாடத்துல வச்சேன், உருகிடுச்சி."

அவர் என் பக்கம் திரும்பினார்.

"சாமிக்குப் படைக்க வூட்டுல வேற ஒன்னுமே இல்லியாடி? என் சதைதான் கெடைச்சிதா?"

பிறகு அவரே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "எப்ப வரச் சொன்னானுங்க?" என்றார்.

அந்தத் தடவை ஊசி போட்டுத் திரும்பும்போதும் பஸ்ஸில் நின்றுகொண்டேதான் வந்தார். பக்கத்தில் நானும் நின்றேன். "நீ குந்தேன்" என்றார். கால் கடுத்தது, ஆனாலும் உட்காரவில்லை. மெழுகை மகளே நேராகக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

முடிவைச் சொல்ல டாக்டர் கூப்பிட்ட அன்று இருவரும் போனோம். மெதுவானதுதானாம். இப்போதைக்குக் கரண்ட் வேண்டாம், ஆனால் அப்பப்போ ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். அதற்குச் சந்தோஷப்படக்கூட உடம்பில் தெம்பில்லை. திரும்பும்போது பஸ்ஸில் இரண்டு பேருக்கும் இடம் கிடைத்தது. பாகூர் வந்தது தெரியாமல் தூங்கிப்போனோம். கண்டக்டர்தான் தட்டி எழுப்பினார்.